சில்லுக்கு அடியில் வைத்த தேசிக்காய்

டண்டினொங் பொலிஸ் நிலையம், 1977 ஒக்ரோபர் 26, புதன்கிழமை. சாட்சி தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் திரு. நரசிம்மன் எழுதிக்கொண்டது.

கந்தையா யோகேஸ்வரன் ஆகிய எனக்கு வயது முப்பத்தெட்டு. பிறந்த இடம் இலங்கை, சுன்னாகம். இப்போது டண்டினொங்கில், புகையிரதப் பாதைக்குப் பின்னாலுள்ள வாடகை வீட்டில் மனைவி சந்திரகலாவுடன் வசிக்கிறேன். மனைவியின் தம்பி சிறிதரனும், வயது இருபத்தாறு, எங்களோடுதான் இருந்தான். கிழமை நாட்களில் கார்த் தொழிற்சாலையில் கதவு பொருத்துகிறேன். சனிக்கிழமைகளில் திரு. கீத் பர்னல் என்பவரின் மோட்டார் சைக்கிள் கடையில் விற்பனையாளனாக நிற்கிறேன். நின்றேன் என்று எழுதிக்கொள்ளவும்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். அப்படியானால் ஏன் மொழிபெயர்ப்பாளர் என்று சார்ஜன்ட் கேட்டார். நான் ஆங்கிலத்தில் மேலதிகாரிகளோடு மட்டுமே பேசிப் பழகியவன். அந்த மொழியில் வாயைத் திறந்தால் என்னையறியாமலே 'யெஸ்' வந்து முன்னால் நிற்கிறது. இந்த விடயத்தில் இல்லை என்று சொல்ல வேண்டியவை இருக்கின்றன. ஆகவே தமிழில் சொல்கிறேன்.

சிறிதரனை இன்று காலை எட்டு மணிக்குக் கழுத்துச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இங்கேயுள்ள தொலைபேசிக்கு அழைப்பு வந்தால் நான் இடையில் எழுந்து போவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடையைப் பற்றிக் கேட்டார்கள். பர்னல் கெட்டிக்காரர். டண்டினொங்கில் எந்தத் தெருவில் எந்த நாட்டவர் குடியிருக்கிறார்கள் என்று அவருக்கு மனப்பாடம். எல்லாருக்கும் ஒரே விளம்பரம் போடுவது முட்டாள்தனம், மீனுக்கு ஏற்ற இரை போட வேண்டும் என்பார். கிரேக்கருக்கு கிரேக்க எழுத்தில், இத்தாலியருக்கு இத்தாலிய மொழியில், துருக்கியருக்குத் துருக்கியில் விளம்பரத் தாள் அடிப்பித்தார். மொழியோடு விட்டிருந்தால் பாதகமில்லை. கிரேக்கர்களின் படத்தில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி பீங்கான் தட்டு உடைத்துக்கொண்டு நின்றான். இத்தாலியர்களின் படத்தில் பின் ஆசனத்தில் ஒரு கிழவி மக்கறோனிச் சட்டியோடு இருந்தாள். அந்தக் கிழவி பர்னலின் மாமியார். அவர் வாழ்நாளில் இத்தாலியைக் கண்டதில்லை. எங்கள் பக்கத்து வீட்டு இத்தாலியர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நாட்கணக்காகச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த வீட்டுக் கூரை எரியும்போது குளிர் காய்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அதன் பிறகு எங்கள் முறை வந்தது. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் இங்கே இப்போது கொஞ்சம் கூடிவிட்டோம். விடிய முன்னர் வேலைக்குப் போக பஸ் இல்லை, கார் வாங்கக் கட்டாது, எனவே மோட்டார் சைக்கிள் வாங்குவோம் என்று பர்னல் கணித்தார். அது சரியான கணிப்பு. அதற்காகத்தான் என்னையும் சேர்த்தார். எங்கள் ஆட்கள் எப்படி வாங்குவார்கள் என்று கேட்டார். நாலு பேரைக் கேட்காமல் ஒரு குடைகூட வாங்கமாட்டார்கள், பெற்றோல் எவ்வளவு குடிக்கும், மனுசி ஒருபக்கமாக இருந்து போகலாமா என்று பார்ப்பார்கள், கடைசியில் நல்ல நாள் பார்த்து, முன் சில்லுக்கு அடியில் ஒரு தேசிக்காய் வைத்து, அதை நசித்துக்கொண்டுதான் வண்டியை வெளியே எடுப்பார்கள் என்று சொன்னேன்.

(இவ்விடத்தில், தேசிக்காய் என்பது எலுமிச்சம்பழம்தானே என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அதுதான் என்று சாட்சி சொன்னார்.)

தேசிக்காய்க் கதை பர்னலுக்கு நன்றாகப் பிடித்தது. மேசையில் தட்டிச் சிரித்தார். உங்கள் ஆட்களுக்கு அந்தச் சடங்கைக் கடையிலேயே செய்து கொடுப்போம், பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டுப் படம் எடுப்போம் என்றார். அப்போதே நான் வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

சிறிதரனுக்குப் பண்டகசாலை ஒன்றில் அதிகாலை வேலை கிடைத்திருந்தது. அவன் அந்தக் கடையில் ஒரு சிவப்பு நிற யப்பான் மோட்டார் சைக்கிள் எடுக்க இருந்தான். பழகுநர் அனுமதிப்பத்திரம் முறைப்படி எடுத்திருந்தான், அது உங்கள் கையில் இருக்கிறது. பர்னல் அவனைக் கண்டதும் படத்துக்கு இவன்தான் என்றார். என்னைப் பார்த்து, நீ கணக்குப்பிள்ளை மாதிரி இருக்கிறாய், உன் முகத்துக்கு ஒரு சைக்கிள்கூட விலைபோகாது என்றார். அதில் எனக்கு மனவருத்தமில்லை. படத்துக்கு நிற்பதற்குப் பிரதியுபகாரமாக ஒரு ஹெல்மெட் இலவசம் என்று சொல்லப்பட்டது. வெள்ளை நிறம், நடுவில் சிவப்புக் கோடு. சிறிதரன் அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அத்தான், விண்வெளிக்குப் போறவன் மாதிரி இருக்கிறன், என்ன?" என்று கேட்டான்.

ஒக்ரோபர் 15, சனிக்கிழமை காலை நாங்கள் மூவரும் கடைக்குப் போனோம். மனைவி தேசிக்காய் கொண்டுவந்தாள். எங்கள் ஊர்த் தேசிக்காய் இங்கே இல்லை. பக்கத்து வீட்டு இத்தாலியரின் வளவில் காய்க்கும் பெரிய மஞ்சள் காய்தான், அவரே ஆய்ந்து கொடுத்தார். அதன் பிறகு மனைவி கற்பூரம் கொளுத்தாமல், பெற்றோல் இருக்கும் இடம் என்பதால், சந்தனம் மட்டும் வண்டியில் தொட்டுவைத்துவிட்டு, தேசிக்காயை முன் சில்லின் கீழே வைத்தாள்.

அந்த நேரத்தில் பர்னல் உள்ளேயிருந்து ஒரு திரைச்சீலையோடு வந்தார். அவர் வீட்டுச் சாப்பாட்டறை யன்னலில் தொங்கிய பழைய சீலை, ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கொழுக்கிகள் கழற்றப்படாமல் இருந்தன. இதைத் தலைப்பாகையாகக் கட்டுங்கள் என்றார். எங்களுக்குத் தலைப்பாகை வழக்கமில்லை என்று சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன், அதனால் மெல்லத்தான் சொன்னேன். தலைப்பாகை இல்லாவிட்டால் நீங்கள் யார் என்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். பர்னல் கூப்பிட்டுக் கமராவோடு வந்து நின்ற பத்திரிகைக்காரரும் ஆமோதித்தார்.

சிறிதரன் சிரித்துக்கொண்டு, "கட்டுங்கோ அத்தான், ஒரு படத்துக்குத்தானே" என்றான். அவன் எதற்கும் சிரிக்கிறவன். எனக்கு அன்று அவனுடைய சிரிப்பு வசதியாக இருந்தது.

இனி நான் சொல்வதை அப்படியே எழுதவும். என் மனைவிக்கு அந்தத் திரைச்சீலையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தன் தம்பியின் தலையில் யாரோ வீட்டு யன்னல் சீலையா என்று அவளுக்குக் கோபம் வந்தது. "செய்யிறதெண்டால் வடிவாச் செய்யோணும். பேப்பரிலை வாற படம், ஊரிலை அம்மாவும் பாப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்து போய், தன் கூறைச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் என்னைக் கட்டியபோது உடுத்த சேலை. அரக்குச் சிவப்பு, தங்கச் சரிகை, காஞ்சிபுரம் பட்டு. அவள் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த பெட்டியில் அதுதான் அடியில் இருந்தது. பர்னல் அதைக் கண்டு விசிலடித்தார்.

தலைப்பாகையைக் கட்டியது யார் என்ற கேள்விக்கு விடை: நான். எனக்குக் கட்டத் தெரியாது. எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளை தலையில் வைப்பது ஏற்கனவே கட்டித் தைத்த ஒன்று, வாடகைக்கு எடுத்துத் தொப்பிபோலக் கவிழ்த்துவிட்டு அடுத்த நாள் திருப்பிக் கொடுப்போம். சீக்கியர்கள் கட்டுவது அவர்களுடைய மார்க்கம். அவர்கள் கட்டினால் புயலுக்கும் அவிழாது. நாங்கள் அவர்கள் அல்ல. ஆறு யார் நீளமான சேலையை நான் சும்மாடு சுற்றுவதுபோலச் சுற்றினேன். பட்டு வழுக்கி வழுக்கி விழுந்தது. அதன் பிறகு ஒரு சுற்றை நாடிக்குக் கீழே கொண்டுபோய்க் காதோரம் முடிச்சுப் போட்டேன். இறுக்கமாகத்தான் போட்டேன். மிஞ்சிய தலைப்பை உள்ளே செருகப் பார்த்தபோது பத்திரிகைக்காரர் வேண்டாம் என்றார். வண்டி ஓடும்போது அது காற்றில் பறந்தால் படம் உயிரோடு இருக்கும் என்றார். பர்னல் இன்னும் கொஞ்சத்தை இழுத்துத் தொங்கவிட்டார். அதை நான் என் கண்ணால் கண்டேன்.

(இவ்விடத்தில் தொலைபேசி ஒலித்தது. சாட்சி எழுந்து போனார். அழைப்பு வேறு ஒருவருக்கு. சாட்சி கதிரைக்குத் திரும்பவில்லை, நின்றபடி தொடர்ந்தார். "சார், நிதானமா சொல்லுங்க, நான் எழுதணும்" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொண்டார்.)

அதன் பிறகு பத்திரிகைக்காரர் கமராவூடாகப் பார்த்துவிட்டு, சில்லுக்கு அடியில் குப்பை கிடக்கிறது என்றார். பர்னல் குனிந்து பார்த்தார். தேசிக்காயைச் சப்பாத்தால் தட்டிவிட்டார். அது உருண்டு போய்த் தெருவோர வாய்க்காலில் விழுந்தது. சில்லுத் தேசிக்காய்க் கதையைக் கேட்டு மேசையில் தட்டிச் சிரித்த அதே ஆள். விளம்பரத்துக்கு அழைத்தது அந்தச் சடங்கைச் சொல்லித்தான். ஆனால் படத்தில் அது சிறிதாகத் தெரியும், தலைப்பாகை பெரிதாகத் தெரியும்.

மனைவி என்னைப் பார்த்து, "இஞ்சருங்கோ, அது இல்லாமல் எடுக்கக்கூடாதெண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ" என்றாள். நான் பர்னலிடம் திரும்பி, என் மனைவி எல்லாருக்கும் நல்வாழ்த்துச் சொல்கிறாள் என்று சொன்னேன். அவர் அவளுக்குத் தொப்பியை உயர்த்தி நன்றி சொன்னார். அவள் ஆங்கிலம் அவ்வளவு தெரியாதவள்தான், ஆனால் தேசிக்காய் வாய்க்காலிலேயே கிடந்ததை அவளுக்குக் கண் இருக்கிறபடியால் தெரிந்தது. அவள் போய் அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஹெல்மெட் எங்கே இருந்தது என்று கேட்கிறீர்கள். சிறிதரன் அதைக் கையில் பிடித்திருந்தான். வண்டியை ஓட்டுவதானால் இதைப் போட வேண்டுமே என்று பர்னலிடம் அவனே கேட்டான், ஆங்கிலத்தில், தெளிவாக. பர்னல் அதை அவன் கையிலிருந்து வாங்கி, கடைக்குள் நின்ற வேறொரு வண்டியின் கண்ணாடியில் மாட்டினார். முதலில் வளவுக்குள் மெல்ல ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினான். சீலை பறக்கவில்லை. பத்திரிகைக்காரருக்குத் திருப்தியில்லை. அதன் பிறகு படலைக்கு வெளியே, தெருமுனை வரை, கொஞ்சம் வேகமாக என்று பர்னல் கையால் காட்டினார். சிறிதரன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

தலைப்புப் பறந்தது. மிக வடிவாகப் பறந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. அதன் பிறகு தாழ்ந்து பின் சில்லின் சங்கிலிக்குள் போனது. பருத்திச் சீலை என்றால் கிழிந்திருக்கும். அந்தத் திரைச்சீலை என்றால், வெயிலில் உக்கின சாமான், கட்டாயம் கிழிந்திருக்கும். கூறை கிழியவில்லை. நல்ல பட்டு. அவனைப் பின்பக்கமாக இழுத்தது. வண்டி அவனில்லாமல் கொஞ்சத் தூரம் போய்ச் சாய்ந்தது. நான் ஓடிப்போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், நானே போட்ட முடிச்சு, என் கைக்கு அவிழவில்லை. பர்னல் கடைக் கத்தியைக் கொண்டுவந்து வெட்டினார். இதையும் எழுதவும், அவர்தான் வெட்டினார்.

சிறிதரன் கண் திறந்திருந்தான். "அத்தான், கால் எங்கை?" என்று கேட்டான். கால் அவனிடம்தான் இருந்தது.

அம்புலன்ஸ் போன பிறகு உங்கள் கொன்ஸ்டபிள் வந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அவரிடம் பர்னல், தலைப்பாகை இவர்களுடைய மத வழக்கம், நான் ஹெல்மெட்டை நீட்டினேன், அந்தப் பையன் வாங்க மறுத்துவிட்டான் என்று சொன்னதாகச் சார்ஜன்ட் எனக்கு வாசித்துக் காட்டினார். அந்தச் சொல்லின்பேரில், ஹெல்மெட் இல்லாமலும் ஆபத்தான முறையிலும் ஓட்டியதாகச் சிறிதரன்மீது வழக்குப் பதிய இருக்கிறார்கள். அவனுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. வழக்கில் குற்றவாளி என்றானால் அவனைத் திருப்பி அனுப்பலாம். கழுத்துடைந்து கிடக்கிறவனை எந்தக் கப்பலில், எப்படி அனுப்புவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இரவு பகல் எனக்கு இதே எண்ணம்தான். தொழிற்சாலையில் இடதுபக்கக் கதவை வலதுபக்கத்தில் பொருத்தப் பார்த்து ஏச்சு வாங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பர்னல் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை பழத்தோடு வந்தார். குசினிக் கதிரையில் இருந்து அழுதார். நடித்தார் என்று நான் சொல்லவில்லை, கண்ணீர் உண்மையாகவே வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகு, ஆசிய வாடிக்கையாளர் பகுதிக்கு என்னைப் பொறுப்பாளர் ஆக்குவதாகவும், தொழிற்சாலையை விட்டுவிடலாம் என்றும் சொன்னார். பொலிஸ் கேட்டால் தலைப்பாகை உங்கள் வழக்கம் என்று மட்டும் சொன்னால் போதும், அது ஒன்றும் பொய் இல்லையே, உங்கள் ஆட்கள் கட்டுவதுதானே என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்கு ஆத்திரம். நாங்கள் யார் என்று எங்களுக்குச் சொல்லித்தந்துவிட்டு, அதை எங்கள் வாயாலேயே ஒப்புவிக்கவும் கேட்கிறார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யெஸ் என்றுதான் சொல்லத் தெரியும் என்றேனே, அந்தச் சனியனை அன்று பல்லைக் கடித்து அடக்கினேன்.

இன்று காலை இங்கே வரும்போது புகையிரத நிலையத்தில் ஒரு விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. சிவப்புத் தலைப்பாகையோடு சிறிதரன் சிரித்துக்கொண்டிருக்கிறான். கீழே, மகாராஜாவைப்போலப் பயணம் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். வளவுக்குள் முதலில் ஓட்டப் புறப்படும்போது எடுத்த படம். அதைக் கிழித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன். பொது இடத்துத் தாளைக் கிழித்தது குற்றமானால் அதையும் பதிந்துகொள்ளவும். படத்தை நன்றாகப் பார்க்கவும். அவனுக்குப் பின்னால், கடைக் கண்ணாடிக்குள், வேறொரு வண்டியில் வெள்ளை ஹெல்மெட் தொங்குவது தெரிகிறது. சிறிதரன் வாங்க மறுத்திருந்தால், நீட்டிய பர்னலின் கையிலல்லவா அது இருக்க வேண்டும்? பர்னலும் அதே படத்தில் ஓரமாக நிற்கிறார். வெறுங்கையால் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்.

சிறிதரன் எதையும் மறுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கேட்டவன் அவன். வாங்கி மாட்டியவர் பர்னல். முடிச்சுப் போட்டவன் நான். தலையாட்டியவனும் நான். யார்மீதாவது வழக்கு வேண்டுமென்றால் எங்கள் இருவர்மீதும் போடவும். அவனை விட்டுவிடவும்.

தலைப்பாகை உங்கள் வழக்கமா, இல்லையென்றால் எதுதான் உங்கள் வழக்கம் என்று சார்ஜன்ட் கடைசியாகக் கேட்டார். அதற்கு இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன்.

சிறிதரனைத் தள்ளுகட்டிலில் கிடத்தி, தலை அசையாதபடி இரு பக்கமும் மணற்பை வைத்திருந்தார்கள். அவனுக்கு மேலேயுள்ள முகட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. தாதி தள்ளத் தொடங்க முன்னர் மனைவி குனிந்தாள். "அக்கா, கீழை என்ன செய்யிறாய்?" என்று அவன் கேட்டான். "ஒண்டுமில்லையடா, செருப்புக் கழண்டிட்டுது" என்றாள். கைப்பையிலிருந்து அந்தத் தேசிக்காயை எடுத்துக் கட்டிலின் முன் சில்லின் கீழே வைத்தாள். வாய்க்காலில் கிடந்த அதே காய், தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. தாதி தள்ளிப் பார்த்தாள், கட்டில் அசையவில்லை. தாதி குனிந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று என்னிடம் கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள்.

இது எங்கள் வழக்கம், இதன்மேல்தான் போக வேண்டும் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். தாதி முழுப் பலத்தையும் கொடுத்துத் தள்ளினாள். காய் நசிந்து சாறு நிலத்தில் தெறித்தது. சிறிதரனுக்கு அது தெரியவில்லை, ஆனால் மணம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் மூச்சை இழுத்து, "ஓ, வைச்சிட்டியோ? சரி, போயிட்டு வாறன்" என்றான்.

மேலே உள்ளவற்றை நான் என் மொழியில், என் வாயால் சொன்னேன். திரு. நரசிம்மன் எழுதி, எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டினார். கூட்டியதும் குறைத்ததும் இல்லை. யாருடைய பயத்துக்கோ தயவுக்கோ சொன்னதல்ல. உண்மை என்று ஏற்றுக் கைநாட்டுக்குப் பதிலாகத் தமிழில் ஒப்பமிடுகிறேன்.

க. யோகேஸ்வரன்

(ஒப்பமிட்டபின் சாட்சி ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி கேட்டார். சான்றுப் பொருளாக இருக்கும் சேலையை மனைவி கேட்டனுப்பியிருப்பதாகவும், வெட்டுப்பட்ட துண்டுகள் இரண்டையுமே தரும்படியும் வேண்டிக்கொண்டார். வழக்கு முடியும்வரை தர முடியாது என்று அறிவிக்கப்பட்டது.)